ஹன்யா வீட்டு ஒப்வாடெக்

திராட்சைக் கூடையோடு வேல்விழி மாடியேறியபோது ஹன்யா அழுதுகொண்டிருந்தாள்.

ஹன்யாவின் அப்பா மாரெக், திராட்சைக் கொடிகளைப் பற்றி ஆராய அமெரிக்காவிலிருந்து கம்பத்துக்கு வந்தவர். வேல்விழி வீட்டு மாடியில்தான் இருவரும் குடியிருந்தார்கள். தெருப் பிள்ளைகளோடு விளையாடியே ஹன்யா தமிழ் கற்றுக்கொண்டாள்.

"என்ன ஆச்சு?"

ஹன்யா ஜன்னலைக் காட்டினாள். ராத்திரி மழைச் சாரலில் ஓர் உறை ஊறிக் கிடந்தது. உள்ளே இருந்தது வெறும் வெள்ளைக் கூழ்.

"ஒப்வாடெக். மாவுல செஞ்சது, காகிதம் மாதிரி மெலிசா இருக்கும். நாளைக்குக் கிறிஸ்துமஸ். இன்னைக்குச் சாயங்காலம் முதல் நட்சத்திரம் தெரிஞ்சதும், ஒருத்தர் கையில இருக்கறதை இன்னொருத்தர் உடைச்சு, வாழ்த்துச் சொல்லிச் சாப்பிடணும். அப்பாவோட தாத்தா போலந்துல இருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனப்ப கொண்டுபோன பழக்கம்."

மாரெக் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தாத்தாவோட மொழி போச்சு, பாட்டு போச்சு, இதுவும் போகட்டும்கிறார்" என்றாள் ஹன்யா.

வேல்விழி யோசித்தாள். "அமெரிக்கா போனதும் அந்தத் தாத்தாவுக்கு எல்லாமே அங்கன கிடைச்சுதா?"

"இல்ல. கிடைச்சதை வச்சுத்தான் சமைச்சாங்களாம்."

"அப்ப இரு!"

வேல்விழி படிகளில் தடதடவென்று இறங்கினாள். "அம்மா, அப்பளம் வேணும்!"

"ஏத்தா, சோறே இன்னும் வடிக்கல" என்றாள் அம்மா உமாதேவி.

"சாப்பிட இல்லம்மா, உடைக்க!"

சாயங்காலம் மேகம் விலகி, மலைக்கு மேலே ஒரு நட்சத்திரம் தெரிந்தது. உமாதேவியும் மாடிக்கு வந்தாள். வேல்விழி அப்பளத்தை அடுப்புத் தீயில் வாட்டி நீட்டினாள். ஹன்யா தொட்டதுதான் தாமதம், படாரென்று நொறுங்கி ஒரு துண்டு மாரெக்கின் தாடியில் போய் ஒட்டிக்கொண்டது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்ததைப் பதமாக உடைத்தார்கள்.

"கணக்குப் பரீட்சையில நீ பாஸாகணும்" என்றாள் வேல்விழி.

"நீயும்தான்!" என்றாள் ஹன்யா.

உமாதேவி மாரெக்கின் கையிலிருந்த அப்பளத்தில் ஒரு துண்டு கிள்ளினாள். "நோய்நொடி இல்லாம நல்லா இருக்கணும்."

ஹன்யா அதை ஆங்கிலத்தில் சொன்னாள்.

"ஸ்த்ரோவ்யா" என்றார் மாரெக் மெதுவாக. பிறகு ஆங்கிலத்தில் தொடர்ந்தார்: "நலமாக இரு என்று அர்த்தம். தாத்தா இதைத்தான் சொல்வார். மறந்துவிட்டேன் என்றே நினைத்தேன்."

ஹன்யா இதுவரை கேட்டிராத சொல் அது. "அப்பா, இன்னொரு தடவை சொல்லுங்க!"

அவர் சொன்னார். ஹன்யாவும் சொன்னாள். வேல்விழிக்கு நாக்கு சுளுக்கிக்கொண்டது. எல்லோரும் சிரித்தார்கள்.

மாரெக் தன் கையைப் பார்த்தார். அப்பளம் தீர்ந்துவிட்டிருந்தது.

"கொஞ்சம் பொறுங்க மாமா" என்று வேல்விழி மறுபடி அடுப்பைப் பற்ற வைத்தாள். "இன்னும் ஒரு கட்டு இருக்கு."