பிரேக் மேல் ஓர் அப்பளம்

வேன் வந்து இரண்டு நாள் ஆகிவிட்டது. ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

வெள்ளை வேன். பழையதுதான். ஆனாலும் கிளியம்மாள் அத்தை அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, மாலை போட்டு, கற்பூரம் காட்டி, தெருவையே கூட்டிவிட்டார். அவர்தான் மகளிர் குழுவின் தலைவி. குழுவில் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து சமைக்கிறார்கள். ஒரகடத்தில் ஒரு சின்னக் கம்பெனி, திங்கட்கிழமையிலிருந்து தினமும் எண்பது சாப்பாடு கேட்டிருந்தது. அதைக் கொண்டுபோகத்தான் இந்த வேன்.

ஓட்டப்போவது அறிவுமதியின் அம்மா சசிகலா. அதற்காகவே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். டெஸ்டில் பாஸானாள். லைசென்ஸ் வந்த அன்று தெரு முழுக்கக் கேசரி கொடுத்தாள்.

அப்படியென்றால் வேன் ஏன் நகரவில்லை?

ஆறாம் வகுப்பு அறிவுமதிக்கு அதுதான் புரியவில்லை. காலாண்டு விடுமுறை ஆதலால் அவள் இரண்டு நாளாக ஜன்னல் வழியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா வேனில் ஏறுவாள். பெல்ட் போடுவாள். கண்ணாடியைத் திருப்பி வைப்பாள். சாவியைப் போடுவாள். பிறகு இடது பக்கம் ஒரு பார்வை பார்ப்பாள். அங்கே காலி சீட். உடனே பெல்ட்டைக் கழற்றி இறங்கிவிடுவாள்.

"ஏம்மா இறங்கிட்ட?"

"இந்த வண்டில ஒண்ணு இல்லடி."

"இன்னா இல்ல?"

"ஒண்ணுமில்ல, போ. போய்த் தண்ணி புடிச்சு வை."

ஒன்று இல்லை என்கிறாள். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள்! அறிவுமதிக்குத் தலை சுற்றியது.

சனிக்கிழமை சாயங்காலம் கிளியம்மாள் அத்தை வந்தார். வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இன்னா சசி, வண்டி நட்டு வச்ச மரம் மாதிரி நிக்குது? திங்கக்கிழமை பன்னெண்டரைக்குச் சாப்பாடு அங்க இருக்கணும். உனக்குச் சரிப்படலன்னா வாயத் தொறந்து சொல்லு. நாளைக்குப் பொழுது போறதுக்குள்ள வெளியாள் ஒருத்தனை டிரைவராப் போட்டுடறேன். அப்புறம் என் மேல வருத்தப்படக் கூடாது."

அன்று இரவு அம்மா குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டாள்.

அறிவுமதி முடிவு செய்துவிட்டாள். வண்டியில் என்ன இல்லை என்று கண்டுபிடித்து, அதை எப்படியாவது மாட்டிவிட வேண்டும். ஒரே நாள்தான் இருக்கிறது. ஒரு டிரைவருக்கு என்ன வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? டிரைவர்களுக்குத்தானே!

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே நோட்டும் பேனாவுமாகத் தெருமுனை டீக்கடையில் போய் நின்றாள். வாலாஜாபாத் ரோட்டில் போகிற வண்டி எல்லாம் அங்கேதான் நிற்கும்.

எட்டுப் புதுக் கார்களை ஏற்றிய நீளமான லாரியிலிருந்து ஒருவர் இறங்கினார். பெயர் சுப்பராயன்.

"அண்ணா, உங்க வண்டில இன்னா இல்ல?"

சுப்பராயன் பதறிப்போய்த் திரும்பிப் பார்த்தார். "ஏம்மா, ஏதாவது கழண்டு வுழுந்துச்சா?"

"இல்லண்ணா. இது இருந்தா நல்லா இருக்கும்னு நீங்க நெனைக்கறது."

"அப்படிக் கேளு! பின்னாடி பாரு, எட்டு காரு. எட்டு ஏசி. முன்னாடி எனக்கு இன்னா கீது? ஒரு துண்டு! அந்த எட்டுல ஒரு ஏசிக் காத்து என் பக்கம் வர்ற மாதிரி ஒரு குழாய் வேணும்."

அறிவுமதி எழுதிக்கொண்டாள்: குழாய்.

அடுத்தவர் கம்பெனி பஸ் ஓட்டும் ஜெபகுமார். தெற்கத்திக்காரர்.

"எனக்கா? சீட்டு கிள்ளணும் பிள்ள."

"கிள்ளணுமா?"

"ஆமா. ஷிப்ட் முடிஞ்சு ஏறுன ஒடனே எல்லாவனும் உறங்கிருவான். மணிமங்கலத்துல எறங்க வேண்டியவன் தாம்பரம் வரைக்கும் வந்துட்டு என்னைய ஏசுதான். அவனவன் ஸ்டாப்பு வந்ததும் அவனவன் சீட்டு லேசாக் கிள்ளிச்சுன்னா, நான் நிம்மதியா இருப்பேன்."

ஓர் ஆட்டோக்காரர் தன் ஹாரன் யானை மாதிரி பிளிற வேண்டும் என்றார். பக்கத்தில் நின்ற லாரி டிரைவர், உலகத்தில் உள்ள எல்லா ஹாரனையும் பிடுங்கிக் கடலில் போட வேண்டும் என்றார். இருவரும் வடையைக் கையில் வைத்துக்கொண்டே சண்டை போட்டார்கள். கால் டாக்சி ஓட்டும் பகலவன், "எங்க இருக்கீங்க, எங்க இருக்கீங்கன்னு நிமிஷத்துக்கு ஒரு போன் வருது. அதுக்குக் காரே ஆறு பாஷையில பதில் சொல்லணும்" என்றான்.

நோட்டில் ஒரு பக்கம் நிறைந்தது. அறிவுமதியின் குழப்பம் இரண்டு மடங்கானது. இதில் அம்மாவுக்கு வேண்டியது எது?

அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனியில் ஓ.டி. வேலை. வீட்டில் அம்மா மட்டும்தான் இருந்தாள். அறிவுமதி பட்டியலை வாசித்தாள்.

"ஏசிக் குழாயா?"

"இல்லடி."

"கிள்ளுற சீட்டா?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யானை ஹாரன் வரும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. ஆறு பாஷைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். சிரித்துச் சிரித்து, கடைசியில் சட்டென்று நிறுத்தினாள்.

"எனக்கு வேண்டியது அந்த லிஸ்ட்ல இல்லடி. இடது பக்கம் ஒரு பிரேக்கு."

"அங்க யாரும் ஓட்ட மாட்டாங்களே!"

"டிரைவிங் ஸ்கூல் கார்ல அந்தப் பக்கமும் ஒரு பிரேக்கு இருக்கும். புருஷோத்தமன் சார் அங்க உக்காந்திருப்பாரு. நான் தப்பு பண்ணா அவரு மிதிப்பாரு. இருபது நாளும் வண்டி நிக்க வேண்டிய எடத்துல அழகா நின்னுச்சு. டெஸ்டும் அதே கார்லதான். நல்லா ஓட்டினன்னு எல்லாரும் சொல்றாங்க." அம்மாவின் குரல் இறங்கியது. "ஆனா நிறுத்தினது என் காலா, பக்கத்துல இருந்த காலா? எனக்கே தெரியல. யார்கிட்ட போய்ச் சொல்றது? கேசரி வேற குடுத்துட்டேன்."

அறிவுமதி எழுந்தாள். புருஷோத்தமன் சாரின் வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது.

சார் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். படத்தில் ஒரு ஜீப் மலைப்பாதையில் பறந்தது. சாரின் வலது கால் தரையை மிதி மிதி என்று மிதித்தது.

"சார், எங்கம்மா ஓட்டும்போது நீங்க எத்தனை தடவ பிரேக் மிதிச்சீங்க?"

"அதை எப்படிப் பாப்பா சொல்றது? பதினெட்டு வருஷமா இந்தக் கால் தானா மிதிக்குது. பஸ்ல போனாலும் மிதிக்கறேன். கல்யாணப் பந்தியில சாம்பார் வாளியோட வேகமா ஒருத்தன் வந்தாலும் மிதிக்கறேன். உங்கம்மாவுக்கு மிதிச்சேனா..." சார் தன் காலையே பார்த்தார். "அதுக்குத்தான் தெரியும்."

அம்மாவுக்கும் தெரியவில்லை. சாருக்கும் தெரியவில்லை. தெரிந்த கால் பேசாது. அறிவுமதி தலையைச் சொறிந்துகொண்டே திரும்பினாள்.

வழியில் குழுவின் சமையல் கொட்டகை. நாளைக்காக ஒரு முறை சமைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அகலமான கூடை நிறையப் பொரித்த அப்பளம். அறிவுமதி ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

நொறுக்!

கடித்தது கடித்தபடி நின்றாள். பிறகு ஒரு பை நிறைய அப்பளத்தை எடுத்துக்கொண்டாள்.

"ஏய், எங்கடி அவ்ளோ?" என்றார் கிளியம்மாள் அத்தை.

"அம்மாவோட டெஸ்டுக்கு அத்தை!"

"அது முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சேடி!"

"இது வேற டெஸ்ட்!"

அரை மணி நேரத்தில் புருஷோத்தமன் சார் டிரைவிங் ஸ்கூல் காரோடு தெருவில் வந்து நின்றார். அறிவுமதி இடது பக்கத்துப் பிரேக்கின் மேல் ஓர் அப்பளத்தை வைத்து நூலால் கட்டினாள். முதல் அப்பளம் கட்டும்போதே உடைந்தது. இரண்டாவது பிழைத்தது.

"ஆபத்துன்னா மிதிங்க சார். அப்பளம் போனாப் போவுது. ஆபத்து இல்லன்னா மிதிக்காதீங்க. திரும்பி வரும்போது அப்பளம் முழுசா இருந்தா, ஓட்டினது எங்கம்மா."

"நல்லா இருக்கே!" என்றார் சார். "எனக்கும் தெரிஞ்சுக்கணும்போல இருக்கு."

அம்மாவுக்குத் தயக்கம்தான். இருந்தாலும் ஏறினாள். பின்சீட்டில் அறிவுமதி, அப்பளப் பையோடு.

கார் தெருவைக் கடந்தது. ஒரு மாட்டுக்காக நின்றது. ரோட்டில் ஏறியது. எதிர்த்திசையில் வந்த ஒரு பைக்குக்காக ஒதுங்கியது. கன்டெய்னர் லாரி ஒன்று உறுமிக்கொண்டு கடந்து போனது. அப்பளம் அசையவில்லை. அம்மாவின் தோள் கொஞ்சம் கீழே இறங்கியது.

அப்போது முன்னால் போன டவுன் பஸ், ஸ்டாப்பே இல்லாத இடத்தில் படக்கென்று நின்றது.

நொறுக்!

காரும் நின்றது. பஸ்ஸுக்கும் காருக்கும் நடுவே ஓர் ஆள் தாராளமாக நடந்து போகலாம். ஆனால் அம்மாவின் முகம் வாடிவிட்டது.

"பாத்தியாடி? சார்தான் மிதிச்சிருக்காரு. எனக்குத் தெரியும்."

"நான் மிதிக்கலையேம்மா!" என்றார் சார். உடனே சந்தேகம் வந்தது. "மிதிச்சேனா?"

மூவரும் குனிந்து பார்த்தார்கள். பிரேக்கின் மேல் அப்பளம் முழு நிலா மாதிரி இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

அப்படியானால் நொறுங்கியது எது?

அறிவுமதி மெதுவாகத் தன் காலடியைப் பார்த்தாள். கீழே வைத்திருந்த பையின் மேல் அவளுடைய வலது கால் அழுத்தமாக ஊன்றியிருந்தது. பைக்குள் இருந்ததெல்லாம் தூள்.

"நான்தாம்மா மிதிச்சிட்டேன்."

"உன் பக்கம் ஏதுடி பிரேக்கு?"

"தெரியலம்மா. பஸ் நின்னதும் கால் தானாப் போச்சு!"

சார்தான் முதலில் சிரித்தார். "வா பாப்பா, உனக்கும் என் வியாதி வந்துடுச்சு!"

அம்மா சிரிக்கவில்லை. முழு அப்பளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ வண்டி நின்னது?"

"நீ நிறுத்தினதும்மா" என்றாள் அறிவுமதி.

பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். பஸ் போயே போய்விட்டது. அம்மா கியரைப் போட்டாள். வீட்டுக்கு நேர்வழி இருந்தும் அதில் திரும்பவில்லை. படப்பைப் பக்கம் ஒரு பெரிய சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வந்தாள்.

திங்கட்கிழமை பதினொன்றரைக்கு வேனில் பாத்திரங்கள் ஏறின. முன்சீட்டில் கிளியம்மாள் அத்தை ரசத் தூக்கை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டார். வேன் கிளம்பியதும் கண்ணை இறுக மூடியவர், ஒரகடம் வரை திறக்கவில்லை. பின்னால் தயிர்ப் பாத்திரத்துக்கு அறிவுமதி காவல்.

கம்பெனி வாசலில் செக்யூரிட்டி ஒரு தடிமனான நோட்டோடு வந்தார். வேனுக்குள் எட்டிப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். அறிவுமதியைப் பார்த்தார். வேனைச் சுற்றி வந்து அந்தப் பக்கமும் பார்த்தார்.

"டிரைவர் எங்கம்மா எறங்கிப் போயிட்டாரு? அவரு பேரை எழுதணும்."

அத்தை கண்ணைத் திறந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அம்மா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"எழுதிக்குங்கண்ணா. சசிகலா. மணி பன்னெண்டு பத்து."

கேட் திறந்தது. தூக்கில் இருந்த ரசம் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.