பின்பக்கம் திரும்பும் சீட்டு

சுடுகாட்டு வளைவில் வண்டி திரும்பும்போதே, குணா உட்கார்ந்திருந்த முன்சீட்டு ஒரு விரற்கடை உள்பக்கமாக நகர்ந்தது.

"அது திரும்புற சீட்டு," என்றான் வண்டியை ஓட்டிய நண்பன் எட்வர்ட். "ஓரங்கட்டிட்டா பின்னாடி பாத்து உக்காந்துக்கலாம். லாக்கு இன்னும் சரியா வுழல. அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

அடைமழையில் உறவுக்காரர்கள் எல்லாம் ஆளுக்கொரு வண்டியில் பறந்துவிட்டார்கள். அப்பாவுக்குக் கொள்ளி வைத்துவிட்டு ஈர வேட்டியோடு நின்ற குணாவை, தான் வேலை செய்யும் கேரவன் ஷெட்டிலிருந்து கைக்குக் கிடைத்த வண்டியைக் கொண்டுவந்து ஏற்றிக்கொண்டவன் எட்வர்ட்தான். படுக்கை, அடுப்பு, மேசை எல்லாம் வைத்த புது வண்டி. நல்ல மனசுதான். அந்த நல்ல மனசை குணா இப்போது உள்ளுக்குள் திட்டிக்கொண்டிருந்தான்.

கொள்ளி வைத்தவன் வாசலில் கால் கழுவும்வரை திரும்பிப் பார்க்கக்கூடாது. பார்த்தால் போனவர் கூடவே வந்துவிடுவார். மற்ற நாளாக இருந்தால் குணா இதைக் கேலி செய்திருப்பான். ஆனால் அப்பா கடைசி வாரம் முழுக்க ஒரே பாட்டைப் பாடினார்: "பாப்பாவ நான் இட்டுக்கினு போயிடுவேன் நைனா." பேத்தி பூமிகா மேல் அவருக்கு உயிர்.

சிப்காட் சாலையில் இரும்பு உலையின் வெளிச்சம் மழைத்தண்ணீரில் சிவப்பாகக் கிடக்க, கெமிக்கல் வாடையும் புது ரெக்ஸின் வாடையும் சேர்ந்து தொண்டையை அடைக்க, ஒவ்வொரு பள்ளத்துக்கும் சீட்டு கிர்ரென்று இன்னும் கொஞ்சம் திரும்பியது. குணா காலை ஊன்றி அதை முன்னால் தள்ளினான். பின்னாலிருந்து யாரோ சாய்மானத்தைப் பிடித்துப் பொறுமையாக இழுப்பது மாதிரி அது மறுபடி திரும்பியது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். அப்போது நெய்யும் கருகிய வரட்டியும் கலந்த வாடை வந்தது. மிக அருகில்.

"இன்னாடா, தூங்கிட்டியா?"

"நீ வண்டிய ஓட்டு எட்வர்ட்."

வீட்டு வாசலில் வண்டி நின்றது. மூடிய கண்ணோடே சீட்டை முன்பக்கம் திருப்பி, அடியிலிருந்த லீவரை அழுத்தினான். லாக் விழுந்தது. கண்ணைத் திறந்தான். எதிரே வைப்பர், மழை. எட்வர்ட் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, குணாவின் பையை எடுத்துக்கொண்டு, கதவை மூடாமலே வீட்டுக்குள் ஓடினான். மனைவி நர்மதா கால் கழுவத் தண்ணீர் கொண்டுவர வேண்டியதுதான் பாக்கி. குணாவுக்கு நிம்மதியில் அழுகையே வந்தது.

"அப்பா, வண்டிக்குள்ள ஊடு இருக்கு."

பூமிகா. அவன் முதுகுக்குப் பின்னால். வண்டிக்குள்ளே.

"பாப்பா, எறங்கு."

அவள் சிரித்தாள். படுக்கை கிறீச்சிட்டது. நாலு வயதுக் குழந்தைக்கு அவ்வளவு பாரம் கிடையாது.

"எறங்குடா கண்ணு. அப்பா சொல்றேன்ல."

துணி கிழிபடும் சத்தம்.

திரும்பினால் அவர் வந்துவிடுவார். திரும்பாவிட்டால்?

குனிந்தான். லீவரை இழுத்தான். இவ்வளவு நேரம் தானாகத் திரும்பிய சீட்டு இப்போது அசையவில்லை. காலை ஊன்றி அவனேதான் தள்ளினான். திரும்பியது.

படுக்கையில் பூமிகா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய இரண்டு கால் கட்டைவிரல்களையும் சேர்த்து, ஓரம் கருகிய வெள்ளைத் துணியால், ஒரு கிழட்டுக் கை பதமாகக் கட்டிக்கொண்டிருந்தது.

"கூசுது தாத்தா," என்றாள்.