மூன்றாவது வாளித் தண்ணீர்

மண்ணூர்பேட்டையில் ரோஷினியின் வீடு மொத்தமே ஓர் அறைதான். அந்த வாரம் முழுக்க அதை ஒரு காக்கி கேன்வாஸ் துணி அடைத்துக்கொண்டிருந்தது. சோற்றுப் பானையை எடுக்க அதைத் தாண்டிப் போக வேண்டும். தம்பி ஜஸ்டினை அடிக்கடி அதற்கு அடியிலிருந்துதான் இழுத்து எடுத்தார்கள்.

ஆறாம் வகுப்பு படிக்கும் ரோஷினி அதில் ஒரு டென்ட் தைத்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை பள்ளி மைதானத்தில் முகாம். டென்ட் கொண்டுவருகிறவர்கள் வெளியிலேயே படுக்கலாம். ஆனால் சுப்பராயன் சார் ஒவ்வொரு டென்ட் மேலும் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார். ஒழுகினால் வகுப்பறையில் பாய் போட்டுப் படுக்க வேண்டியதுதான். ரோஷினிக்கோ வெளியில் படுத்தே ஆக வேண்டும்.

அம்மா ஆக்னஸ் வீட்டிலேயே நைட்டி தைத்துக் கொடுப்பவர். தடித்த ஓரங்களை அவர்தான் தைத்தார்.

"இன்னாடி, இது துணியா, யானைத் தோலா? மிஷினே மூச்சு வாங்குது பாரு!"

"இன்னும் ஒரே ஒரு ஓரம்தாம்மா. ஜஸ்டின், நல்லா தூக்கிப் புடிடா!"

"கை வலிக்குதுக்கா. நான் இன்னா கொடிக் கம்பமா?"

தைத்து முடித்ததும் மொட்டை மாடிக்குத் தூக்கிப்போனார்கள். இரண்டு மூங்கில் கழிகளை நிறுத்தி, கயிற்றை இழுத்துக் கட்டினார்கள். துணி மெல்ல எழுந்தது. நேற்றுவரை காலைத் தடுக்கிக்கொண்டிருந்த துணி, இப்போது கூரையும் வாசலுமாக நின்றது. உள்ளே வெயில்கூட டீ நிறத்தில் இருந்தது. ரோஷினி உள்ளே நுழைந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். தன் கையால் ஒரு வீட்டையே தைத்திருக்கிறாள்!

"ம்மா, தண்ணி ஊத்திப் பாத்துடலாமா?"

"அய்யய்யோ! புதுத்துணிய நனைச்சா மொடமொடப்பு பூடும்டி. கஸ்டமர்கிட்ட குடுக்கறதுக்கு முன்னாடி எந்த டெய்லராவது துணிய நனைப்பானா? சார் பாக்கறப்போ புத்தம்புதுசா இருக்கணும்."

டெய்லர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ரோஷினி விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை மாலை மைதானத்தில் டென்ட்டுகள் வரிசையாக நின்றன. ரோஷினியுடையதைத் தவிர எல்லாம் கடையில் வாங்கிய நைலான் டென்ட்டுகள். சார் ஊற்றிய தண்ணீர் அவற்றின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடியது.

ரோஷினியும் அவள் தோழி வர்ஷாவும் தங்கள் டென்ட்டுக்குள் உட்கார்ந்தார்கள். சார் ஸ்டூல் மேல் ஏறி, உச்சியில் வாளியைக் கவிழ்த்தார்.

சொட்! வர்ஷாவின் மூக்கில் ஒரு துளி விழுந்தது. பிறகு தையலெல்லாம் சொட்டச் சொட்ட ஒழுகியது. வர்ஷா அலறிக்கொண்டு வெளியே ஓடினாள். மைதானமே சிரித்தது.

"ரெட்டைத் தையல் போட்டேனே!" என்று, டென்ட் கட்டிக்கொடுக்கக் கூட வந்திருந்த ஆக்னஸ் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"பரவால்ல ரோஷினி, வெளிய வாம்மா. கிளாஸ்ரூம்ல ஃபேன் இருக்கு" என்றார் சார்.

ரோஷினி வரவில்லை. அவளுக்கு அழுகை முட்டியது. அழுகிற முகத்தை எல்லாருக்கும் காட்ட வேண்டாமே என்று கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அதைக் கவனித்தாள். முதலில் ஒழுகிய உச்சித் தையல் இப்போது ஒழுகவில்லை. அதற்குக் கீழே இருந்த தையலும் நின்றுகொண்டே வந்தது.

மழைக்காலத்தில் அவர்கள் வீட்டு மரக்கதவு ஈரத்தில் உப்பிக்கொள்ளும். சந்து பொந்து எல்லாம் அடைத்துக்கொண்டு, தள்ளினாலும் திறக்காது. இந்தத் தையல் நூலும் அப்படித்தான் உப்புகிறதோ?

"சார், இன்னொரு வாளி ஊத்துங்க!"

"ஏம்மா, குளிக்கவே இல்லையா இன்னிக்கு?"

மறுபடியும் சிரிப்பு. ஆனாலும் சார் ஊற்றினார். இந்த முறை அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில துளிகள்தான் விழுந்தன.

"இன்னும் ஒண்ணு சார்!"

மூன்றாவது வாளி கூரையில் விழுந்து பக்கங்களில் ஓடியது. உள்ளே ஒரு சொட்டுகூட இல்லை. ரோஷினி வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒழுகவைத்த தண்ணீரே ஓட்டையையும் அடைத்துவிட்டதே! இப்படி ஓர் அதிசயத்தை அவள் பார்த்ததே இல்லை.

"சார், நனைஞ்சதும் நூல் உப்பிக்கினு ஓட்டைய மூடிடுது! உள்ள வந்து பாருங்க!"

சார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே தவழ்ந்து வந்தார். மேலே பார்த்தார். தையலுக்குத் தையல் விரலால் சுட்டிக்கொண்டே போனார். வர்ஷாவும் சிரித்தவர்களும் வாசலில் தலையை நுழைத்தார்கள்.

"ஏம்மா ஆக்னஸ், நான் உள்ளயே இருக்கேன். நீங்க ஒரு வாளி ஊத்துங்க" என்றார் சார்.

ஆக்னஸ் ஊற்றினார். சாரின் வழுக்கைத் தலையில் ஒரு துளிகூட விழவில்லை. சார் சிரித்துக்கொண்டே கால் நீட்டிப் படுத்துவிட்டார்.

"நான் இங்கயே படுத்துக்கறேன். நீங்க ரெண்டு பேரும் கிளாஸ்ரூமுக்குப் போங்க."

"அதெல்லாம் முடியாது சார்" என்றாள் ரோஷினி. "இது நான் தெச்ச வீடு!"