அறுபது என்று அச்சிட்ட பெட்டி

செவ்வாயின் தரைக்கடியில் இருந்த செம்பாறைக் குடியிருப்பில், மூன்றே நாளில் நானூறு குண்டு பல்புகளையும் கழற்றி எறிந்துவிட்டான் ஜெயசீலன். விளக்குத்துறை மேற்பார்வையாளன், ஒன்றைப் பிடித்தால் உடும்புப்பிடிதான். பூமியிலிருந்து கப்பலில் வந்த குளிரொளி எல்.இ.டி. வில்லைகள் அந்த இடங்களில் ஏறின. பழைய பல்பு அறுபது வாட்ஸ் குடித்துவிட்டுக் கொடுத்த அதே எண்ணூறு லூமன் வெளிச்சத்தை, வில்லை எட்டே வாட்ஸில் கொடுத்தது.

லூமன் என்றால் அங்கே யாருக்கு விளங்கும்? செவ்வாய் மணலை உருக்கிக் கண்ணாடி ஊதி, தாங்களே பல்பு செய்து பழகிய ஜனங்கள். "அறுபது ஒண்ணு குடுங்க" என்று கேட்டே வளர்ந்தவர்கள். ஆகவே வில்லைப் பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் '60' என்றும், ஓரத்தில் பொடி எழுத்தில் '8 வாட்ஸ்' என்றும் ஜெயசீலனே அச்சிடச் சொன்னான். பழைய பல்புகள் உலைக்குப் போயின. ஒன்றை மட்டும் பீடத்தில் பொருத்தி, அவனுக்கே சிக்கன விருதாகக் கொடுத்தார்கள். அன்று முழுக்க மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒரு மாதம் போனது. கோழிப்பண்ணையிலிருந்து பொற்கொடி கூப்பிட்டாள்.

"தம்பி, ஓடி வா. குஞ்செல்லாம் சாகுது!"

அதே கப்பலில் முட்டையாக வந்து, முந்தாநாள் பொரித்த நாற்பது குஞ்சுகள். செவ்வாயில் வேறு கோழியே கிடையாது. அடுத்த கப்பலுக்கு இன்னும் இரண்டு வருஷம்.

குஞ்சுப் பெட்டிக்குள் நான்கு வில்லைகள் பளீரென்று எரிந்தன. ஒன்றன்மேல் ஒன்று ஏறி நடுங்கின குஞ்சுகள். ஏழு ஓரமாகச் செத்துக் கிடந்தன.

"கோழி வளர்ப்புப் புத்தகத்துல அறுபது வாட்ஸ் பல்பு நாலுன்னு போட்டிருக்கு. உன் பெட்டியில அறுபதுன்னு பார்த்துத்தானே மாட்டினேன்? கண்ணு கூசுது, கதகதப்பு மட்டும் வரவே மாட்டேங்குது."

ஜெயசீலன் வில்லைக்கடியில் கையை நீட்டிப் பார்த்தான். வெளிச்சம்தான் பழைய அறுபதுக்குச் சமம். குடிக்கிற மின்சாரம்தான் சூடாக மாறும்; அது எட்டுக்குமேல் இல்லை. இருநூற்று நாற்பது வாட்ஸ் சூடு வேண்டிய இடத்தில் முப்பத்திரண்டு.

"ஹீட்டர் எடுத்துட்டு வர்றேன், அக்கா."

"எங்கேருந்து? ஊரே குளிருதுன்னு கிடங்குல இருந்த அத்தனையையும் வாரிக்கிட்டுப் போயாச்சு."

சுவரிலிருந்த மின்மானியை அப்போதுதான் உற்றுப் பார்த்தான். குடியிருப்பின் மொத்தச் செலவு, பல்பு மாற்றுவதற்கு முன்பு இருந்த அதே இடத்தில் நின்றது. இத்தனை வருஷமும் பாறைச் சுவருக்குள் குளிரை அண்டவிடாமல் காத்தது அந்தக் குண்டு பல்புகள்தான். விளக்கில் மிச்சம் பிடித்ததையெல்லாம் ஹீட்டர் விழுங்கிவிட்டது.

அலுவலகத்துக்கு ஓடினான். விருதைத் தூக்கிப் பீடத்தை உடைத்தான். பல்பைக் கொண்டுவந்து மாட்டித் தாழ இறக்கி, பெட்டியைக் கம்பளியால் மூடினான். கொஞ்ச நேரத்தில் குஞ்சுகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து, பல்புக்கடியில் உட்கார்ந்தன. முப்பத்து மூன்றும் பிழைத்தன.

மறுநாள் கண்ணாடி ஊதுபவர்களிடம் நானூறு குண்டு பல்பு செய்யச் சொல்லி உத்தரவு எழுதினான். விளக்கு என்று எழுதினால் சிக்கனக் குழு ஒப்புக்கொள்ளாது. விருது கொடுத்தவர்களே அவர்கள்தானே! யோசித்து நிரப்பினான்:

"பொருள்: ஹீட்டர். குறைபாடு: நூற்றில் ஐந்து பங்கு மின்சாரம் வெளிச்சமாக வீணாகிறது."

குழு ஒரே அமர்வில் ஒப்புதல் கொடுத்தது. அந்த வீணையும் குறைக்கச் சொல்லி, பல்பின்மேல் கறுப்புச் சாயம் பூச உத்தரவிட்டது.