குடும்பத் தலைவர்

டீ ஆறிக்கொண்டிருந்தது. மாமியார் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உன் கையால பச்சத்தண்ணி கூட வேண்டாம்! மூணு வருஷமா என் பிள்ளை வருவான் வருவான்னு வாசலையே பாத்துக்கிட்டு இருக்கேன்... நீ குடும்ப அட்டையில அவன் பேரை எடுத்துட்டு உன் பேரைத் தலைவர்னு போட்டுக்கிட்டியாமே! அவன் செத்துட்டான்னு எழுதிக் கொடுத்துட்டியாடி, பாவி?"

அகதி முகாமில் சுவர் ஏது? போர்வைதான். அந்தப் பக்கத்துக் குடும்பம் இருமலைக்கூட அடக்கிக்கொண்டு கேட்டது.

தையல் கூடத்துக்குக் கிளம்பிய மருமகள் கொண்டை போட்ட கையோடு நின்றுவிட்டாள். சண்டைக்குப் பயந்து ஊரே ஓடிய நாளில், முழங்கால் வீங்கிய இந்த மாமியாரை முதுகில் சுமந்து ஆற்றைக் கடந்தவள் அவள். "இல்லைங்க அத்தை..." என்று தொடங்கினாள்.

அந்த நேரம் பார்த்துப் போர்வையை விலக்கிக்கொண்டு பதிவு அலுவலகத்து அம்மா உள்ளே வந்தாள்.

"பாட்டி, வீடு ஒதுக்கியாச்சு. சரிபார்க்க வந்தேன். மகன் இறந்துட்டார்னு ஒரு வரி எழுதியிருந்தா போன வருஷமே கிடைச்சிருக்கும். உங்க மருமக அசையலையே! 'காணாமப் போனவர்'னுதான் எழுதுவேன், அத்தையை முதியோர் விடுதிக்கும் அனுப்ப மாட்டேன்னு பதினோரு தடவை வந்து நின்னாங்க. கடைசியில எங்க மேலதிகாரிதான் இறங்கி வந்து, மகன் பேரை அட்டையில அப்படியே விட்டுட்டு, மருமகளைத் தலைவரா போடச் சொன்னாரு."

மாமியார் மருமகள் பக்கம் திரும்பினாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாம்மா...?"

"அவரைச் செத்துட்டாருன்னு எழுதச் சொல்றாங்கன்னு உங்ககிட்ட எந்த வாயால சொல்லுவேன் அத்தை? எனக்கு மட்டும் தெரியுமா... அவரு இருக்காரா, இல்லையான்னு!"

மூன்று வருடமாக அடக்கி வைத்திருந்த அழுகை அவளுக்குப் பீறிட்டு வந்தது. முழங்கால் வலியை மறந்து எழுந்த மாமியார் அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். இருவருமே அழுதார்கள்.

வந்தவள் சற்றுப் பொறுத்துத் தயங்கியபடி கேட்டாள். "குடும்பத் தலைவர் யாருன்னு நீங்க உங்க வாயால சொல்லணும், பாட்டி."

மாமியார் கயிற்றில் தொங்கிய மகனின் சட்டையை ஒருமுறை பார்த்தாள்.

"இதோ நிக்கிறாளே... இவதான்!"

பிறகு குனிந்து டம்ளரை எடுத்தாள்.

"ஆறிப்போச்சு அத்தை, வேற போட்டுத் தரேன்."

"வேண்டாம்... உனக்கு நேரமாகுது பாரு" என்று ஆறிய டீயை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள்.