அப்பாவுக்கு ஒரு மிட்டாய்

“வெங்காயம் நறுக்கினா கண்ணு ஏன் எரியுது, சொல்லு பார்க்கலாம். அதுல இருந்து ஒரு வாயு...”

“அப்பா, மறுபடியும் நீங்களே பதில் சொல்றீங்க.”

அப்பா நாக்கைக் கடித்துக்கொண்டார். வீட்டில் மகளுக்கு வாயாடி என்று பெயர். அந்தக் குணம் யாரிடமிருந்து வந்தது என்று அம்மா கேட்பதே இல்லை.

அப்பாதான் அவள் வகுப்புக்கு அறிவியல் ஆசிரியர். ஆசிரியர் பயிற்சிக்குப் போய்த் திரும்பியிருந்தார். கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும், பிள்ளைகளே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். நாளை அந்தப் பயிற்சியாளரே வகுப்பைப் பார்க்க வருகிறார்.

“முந்திரிக்கொட்டை மாதிரி வாய் முந்திக்குதே. நாளைக்கு என் மானம் போகப் போகுது” என்றார் அப்பா.

வாயாடிக்குப் பாவமாக இருந்தது. யோசித்தாள். பையிலிருந்து ஒரு பிடி புதினா மிட்டாயை எடுத்து நீட்டினாள்.

“கேள்வி கேட்டதும் ஒண்ணை வாயில போடுங்க. அது கரையிற வரைக்கும் பேசக் கூடாது. கடிக்கவும் கூடாது.”

மறுநாள் பயிற்சியாளர் கடைசி பெஞ்சில் அமர்ந்தார். அப்பா ஐஸ் தண்ணீர் நிரம்பிய கண்ணாடி டம்ளரை மேசைமேல் வைத்தார். கொஞ்ச நேரத்தில் அதன் வெளிப்பக்கம் நனைந்துவிட்டது.

“இந்தத் தண்ணி எங்கிருந்து வந்துச்சு?”

சார்தான் சொல்லிவிடுவாரே என்று எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். அப்பாவின் வாய் திறந்தது. வாயாடி தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். அப்பா சட்டென்று ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டார். அவளுக்கும் நாக்கு துறுதுறுத்ததால் தானும் ஒன்றைப் போட்டுக்கொண்டாள்.

வகுப்பு காத்திருந்தது. சாரின் கன்னத்தில் மிட்டாய் மட்டும் உருண்டது.

“டம்ளர்ல ஓட்டை இருக்குமோ?” என்றான் ஒருவன் மெதுவாக.

“ஓட்டைன்னா தண்ணி குறையணுமே” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

“உள்ள மை ஊத்திப் பார்க்கலாமா சார்?”

அப்பா வேகமாகத் தலையாட்டினார். மை ஊற்றினார்கள். உள்ளே நீலமானது. வெளிப்பக்கத்தை வெள்ளைக் கைக்குட்டையால் துடைத்தார்கள். கைக்குட்டையில் நீலமே இல்லை.

“அப்போ உள்ளேயிருந்து வரல. வெளியே காத்துதானே இருக்கு. காத்துல தண்ணி இருக்கா?”

வகுப்பே மேசையைச் சூழ்ந்துகொண்டது. அப்பாவின் முகம் பூரித்துப் போயிருந்தது. வாயாடிக்குப் பெருமை தாங்கவில்லை.

மணி அடித்ததும் பயிற்சியாளர் எழுந்து வந்தார். “இவ்வளவு பொறுமையா காத்திருக்க எப்படி சார் பழகினீங்க?”

அப்பாவின் வாயில் அதற்குள் இரண்டாவது மிட்டாய். மகளைக் கை காட்டினார். அவள் விஷயத்தைச் சொன்னாள்.

பயிற்சியாளர் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கையை நீட்டினார்.

“எனக்கும் ரெண்டு குடும்மா. பயிற்சியில நானேதான் பேசிக்கிட்டே இருக்கேன்.”