படைமோப்பி

படைமோப்பி சிவப்பு காட்டியபோது பிலோமினாவுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பாக் நீரிணையில் எந்தக் கரையிலிருந்து படை புறப்பட்டாலும், புறப்படுவதற்கு முன்பே மோப்பம் பிடித்துச் சொல்லும் கணிப்பொறி அது. மண்டபம் கடற்படைத் தளத்தில் அதை உருவாக்கியவள் அவள். எதிர்க்கரை அரசும் அதேபோல ஒன்றை வாங்கி வைத்திருந்தது. இனிமேல் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது, போரே வராது என்று இரண்டு தலைநகரங்களிலும் கைதட்டினார்கள்.

பிறகுதான் எந்தப் படகுகள் என்று திரையில் பார்த்தாள்.

மன்னார்க் கரையில் படகுகள் குவிந்திருந்தன. அரிசி மூட்டை, அண்டா, மேளம், கொடி, ஆசீர்வதிக்கிற சாமியார். நடுக்கடலில் கிடக்கும் சிப்பித்தீவில் அந்தோணியார் திருவிழா. சண்டையால் பல வருடம் நின்றுபோன திருவிழாவுக்கு இந்த வருடம்தான் இரண்டு அரசும் அனுமதி கொடுத்திருந்தன.

"சார், அது திருவிழாக் கூட்டம்" என்று தளபதி அரங்கநாதனிடம் ஓடினாள். "முதல் படகுல கொடியோட நிக்கிறது எங்க அக்கா செலஸ்தீனா. மன்னார்ல வாக்கப்பட்டவ."

"அனுமதி கொடுத்தது எனக்கும் தெரியும்மா. திருவிழாவைச் சாக்கா வச்சு வரலாமில்ல? கொடி, மேளம், அரிசி எல்லாம் சேர்ந்தா படைன்னு அதுக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கதானே?"

அவளேதான். சோழர் போனது, பாண்டியர் போனது, ஈழத்துப் படை இராமேசுவரத்தில் வந்து இறங்கியது, பிறகு போர்த்துக்கீசியர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று ஒன்று விடாமல் ஊட்டியிருந்தாள்.

"சும்மா போய்வந்த கதை நாலு காட்டுங்க, கத்துக்கட்டும்" என்றார் அவர்.

தேடினாள். ஒன்றுகூட அகப்படவில்லை. வென்றவன் மெய்க்கீர்த்தி பாடி வைத்துவிட்டுப் போனான். பெண் கொடுத்தவனும், கருவாடு விற்றவனும், சாவுக்குத் துட்டி கேட்கப் போய் அழுதுவிட்டு வந்தவனும் எந்தக் கல்லில் வெட்டி வைத்தார்கள்? நாசமாய்ப் போன சரித்திரம்!

அக்காவை அழைத்தாள். "அக்கா, படகைத் திருப்பு. நம்மாளுங்க கப்பல் வரப்போகுது."

"என்னடி விசர்க்கதை கதைக்கிறாய்? கொடியேத்தத்துக்கு நேரமாச்சு. உனக்குக் கூழ் காய்ச்ச ஒடியல் மா கொண்டு வாறன், நீயும் வெளிக்கிட்டு வா" என்றாள் செலஸ்தீனா. அதோடு இணைப்பு அறுந்தது. சிவப்பு வந்து அரைமணி ஆனால் கடல்மேல் எல்லாப் பேச்சும் தானாகத் துண்டிக்கப்படும். அதுவும் பிலோமினாவின் ஏற்பாடுதான்.

மண்டபத்திலிருந்து போர்க்கப்பல்கள் கிளம்பின. அதைப் பார்த்து எதிர்க்கரையின் மோப்பியும் சிவப்பு காட்டியது. அது மட்டும் பொய் சொல்லவில்லை. அங்கிருந்தும் கப்பல்கள் வந்தன. நடுவில் மாட்டிக்கொண்டன அரிசி மூட்டைப் படகுகள்.

சாயங்காலம் சிப்பித்தீவில் நம்முடைய கொடி பறந்தது. செலஸ்தீனாவின் படகில் ஒருவரும் மிஞ்சவில்லை.

அரங்கநாதன் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். "வருத்தந்தாம்மா. ஆனா படையெடுப்புன்னு காலையில சொல்லுச்சு, நடந்துருச்சு பாருங்க. மேலிடத்துல ரொம்ப சந்தோஷம். இன்னைக்கு நடந்ததையும் அதுக்கு ஏத்திடுங்க."

பிலோமினா கண்ணைத் துடைத்துக்கொண்டு விசைப்பலகை முன் உட்கார்ந்தாள். 'என் அக்கா திருவிழாவுக்கு வந்தாள்' என்று அடித்தாள்.

படைமோப்பி கொஞ்சம் யோசித்தது. பிறகு கேட்டது: 'எந்த அரசின் படை?'